நிறம் இல்லாத ஊர்

இருண்ட எதிர்காலத்தைச் சித்திரிக்கும் இளையர் நாவல்களின் மீது ஒரு குறை உண்டு. எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதே அக்குறை. ஏதோ ஒரு பேரழிவுக்குப் பின் எழுந்த நாடு, மக்களை அடக்கி ஆளும் அரசு, அதை எதிர்த்துக் கிளம்பும் பதினாறு வயதுப் பெண், கடைசியில் ஒரு போர். 2008ஆம் ஆண்டில் சூசன் காலின்ஸ் எழுதிய ‘த ஹங்கர் கேம்ஸ்’ பெரும் வெற்றி பெற்ற பிறகு இத்தகைய கதைகள் வரிசை கட்டி வந்தன. அவற்றைத் தழுவிய திரைப்படங்களும் வந்தன. இரண்டு மூன்று நாவல்களைப் படித்தவர், நான்காவதைக் கையிலெடுக்கும்போதே அதன் முடிவை ஊகித்துவிடுவார். இக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை.

இப்படிச் சலித்துப்போன வாசகரையும் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் நாவல் ஒன்று, அந்த அலைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி 1993இல் எழுதிய ‘த கிவர்’ அது. ‘தருபவர்’ என்று தமிழில் சொல்லலாம். அளவில் மெல்லிய நூல். அதில் போர்க்களம் இல்லை, கொடுங்கோலன் இல்லை, வில்லும் அம்பும் இல்லை. கதைத்தலைவன் ஜோனஸுக்கு வயது பதினொன்று. அவன் கையிலிருக்கும் பெரிய கருவி ஒரு மிதிவண்டிதான். அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு வழங்கப்படும் உயரிய விருதான நியூபெரி பதக்கத்தை இந்நாவல் 1994இல் பெற்றது.

இந்நாவலை மற்றவற்றிலிருந்து வேறுபடுத்துவது அதன் தொடக்கம். வழக்கமான கதைகளில் முதல் பக்கத்திலேயே பசியும் அச்சமும் தெரியும். இங்குக் காட்டப்படுவதோ எவரும் குடியேற விரும்பும் ஓர் ஊர். அங்குப் பசி இல்லை, வேலையின்மை இல்லை, திருட்டு இல்லை. வானிலை கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது, போக்குவரத்துக்கு இடையூறாக இருந்த குன்றுகள்கூடச் சமப்படுத்தப்பட்டுவிட்டன. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பையன், ஒரு பெண். இரவுச் சாப்பாட்டின்போது, அன்று மனத்தில் எழுந்த உணர்வுகளைக் குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். காலையில் முந்திய இரவு கண்ட கனவுகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தவறு செய்தவர் உடனே மன்னிப்புக் கேட்கிறார். மற்றவர் உடனே மன்னித்துவிடுகிறார். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகிய குடும்பங்களுக்கு இந்த உணவுமேசை சற்றுப் பொறாமையைக்கூட ஏற்படுத்தலாம்.

ஆண்டுதோறும் டிசம்பரில் நடக்கும் விழாவில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ஒரு வயது ஏறுகிறார்கள். நான்கு, ஐந்து, ஆறு வயதினரின் மேற்சட்டைக்குப் பொத்தான்கள் முதுகுப்பக்கம் இருக்கும். ஒருவருக்கொருவர் போட்டுவிட வேண்டும். அதன்வழி ஒருவரையொருவர் சார்ந்து வாழக் கற்க வேண்டும். ஏழு வயதில் பொத்தான்கள் முன்பக்கம் வந்துவிடும். ஒன்பது வயதில் மிதிவண்டி கிடைக்கும். பன்னிரண்டாம் வயதில் ஒவ்வொருவருக்கும் உரிய தொழில் அறிவிக்கப்படும். பிள்ளைகள் விளையாடுவதையும் தொண்டு செய்வதையும் மூத்தோர் குழு பல ஆண்டுகள் கவனித்து அதை முடிவு செய்கிறது. அந்த முடிவு பெரும்பாலும் பொருத்தமாகவே அமைகிறது. எதிர்காலத்தில் என்ன படிப்பது என்று தெரியாமல் தவிக்கும் மாணவருக்கு இது பெரிய நிம்மதியாகத் தோன்றும். லௌரியின் திறமை இங்கேதான் இருக்கிறது. வாசகர் முதலில் அந்த ஊரின்பால் ஈர்க்கப்படுகிறார். பிறகுதான் ஈர்ப்பு எங்கே போய் முடிகிறது என்பதை அறிகிறார்.

விரிசல்கள் மிகச் சிறியவையாகத் தொடங்குகின்றன. பயிற்சி விமானி ஒருவர் வழி தவறி ஊரின் மேல் பறந்துவிடுகிறார். அவர் ‘விடுவிக்கப்படுவார்’ என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. அறிவிக்கும் குரலில் இலேசான கேலி இருப்பதாக ஜோனஸுக்குத் தோன்றுகிறது. அவனும் சற்றுச் சிரித்துக்கொள்கிறான்.

இன்னொரு விரிசல் ஜோனஸின் நண்பன் ஆஷரைப் பற்றியது. மூன்று வயதில் அவனுக்கு இரண்டு சொற்கள் குழம்பிவிட்டன. சிற்றுண்டியைக் குறிக்கும் ‘ஸ்நேக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக, அடியைக் குறிக்கும் ‘ஸ்மேக்’ என்ற சொல்லைச் சொல்லிவிடுவான். கேட்டது அடி, ஆகவே ஒவ்வொரு முறையும் பிரம்படி கொடுத்தார்கள். அப்போதும் அவன் திருத்திக்கொள்ளவில்லை. அடி மேலும் பலமானது. கடைசியில் அந்தக் குழந்தை சில காலம் பேசுவதையே நிறுத்திவிட்டது. இதைத் தலைமை மூத்தோர் விழா மேடையில் நகைச்சுவையாகச் சொல்கிறார். அவையோர் சிரிக்கிறார்கள். ஆஷரும் சிரிக்கிறான். வாசகரும் பாதி சிரிப்பில் இருக்கும்போது ‘பேசுவதையே நிறுத்திவிட்டான்’ என்ற செய்தி வந்து சேர்கிறது. ஊரைப் பற்றிய எண்ணம் பலருக்கு முதலில் ஆட்டம் காண்பது இந்த இடத்தில்தான். ஆசிரியர் இதற்கு விளக்கம் எதுவும் தருவதில்லை. கதை அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுகிறது.

சொற்களைப் பற்றிய நாவல் என்றும் இதைச் சொல்லலாம். அந்த ஊரில் சொல்லைத் துல்லியமாகப் பயன்படுத்துவது ஒரு சட்டம். ‘பசியால் செத்துப்போகிறேன்’ என்று பேச்சுவாக்கில் சொன்னால்கூடத் தவறு. ஏனெனில் அங்கு எவரும் பசியால் சாவதில்லை. ஒருநாள் ஜோனஸ் தன் பெற்றோரிடம், அவர்கள் தன்மேல் அன்பு வைத்திருக்கிறார்களா என்று கேட்கிறான். அவர்கள் சிரித்துவிடுகிறார்கள். அன்பு என்பது பொருளற்றுப்போன பழைய சொல்லாம். ‘உன்னைக் கண்டு மகிழ்கிறோமா’ என்றோ ‘உன் சாதனைகளில் பெருமைப்படுகிறோமா’ என்றோ கேட்டிருக்க வேண்டுமாம். அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். மகனிடம் கனிவாகவே பேசுகிறார்கள். ஆனால் அவன் கேட்டது என்ன என்பதைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் அவர்களிடம் இல்லை.

இவ்வளவு துல்லியம் பார்க்கும் ஊரில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் துல்லியம் கிடையாது. அது ‘விடுவிப்பு’ என்ற சொல். முதியோர் விடுவிக்கப்படுகிறார்கள், அப்போது விழா எடுக்கப்படுகிறது. எடை கூடாத குழந்தைகள் விடுவிக்கப்படுகின்றன. மூன்று முறை விதியை மீறியவர்கள் விடுவிக்கப்படுகிறார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் ‘வேறிடம்’ போகிறார்கள் என்பதற்கு மேல் எவருக்கும் தெரியாது, கேட்கவும் தோன்றுவதில்லை.

தமிழ் இலக்கணம் படித்த மாணவருக்கு இது பழக்கமான இடம். செத்தார் என்று சொல்லாமல் காலமானார், இயற்கை எய்தினார் என்று சொல்வதை மங்கல வழக்கு என்பர். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. காலமானார் என்று சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொருள் தெரியும். துயரத்தில் இருப்பவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தெரிந்தே சொல்லை மென்மையாக்குகிறார்கள். ஜோனஸின் ஊரிலோ சொல்லை மென்மையாக்கியதோடு அதன் பொருளையும் மறைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டாம் வயது விழாவில் ஜோனஸின் முறை வரும்போது அவனைத் தாண்டிச் செல்கிறார் தலைமை மூத்தோர். இறுதியில்தான் காரணம் தெரிகிறது. அவனுக்குத் தொழில் ஒதுக்கப்படவில்லை, அவன் தெரிந்தெடுக்கப்பட்டிருக்கிறான். ஊரின் அடுத்த ‘நினைவுகளைப் பெறுபவர்’ அவன்தான். இதுவரை அப்பொறுப்பிலிருந்த முதியவர் இனி ‘தருபவர்’. மனித குலத்தின் பழைய நினைவுகள் அனைத்தையும் அவர் ஒருவரே சுமந்துகொண்டிருக்கிறார். மற்றவர்கள் எவரும் எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் அவர்களால் அமைதியாக இருக்க முடிகிறது.

ஜோனஸுக்குத் தரப்படும் விதிகளின் பட்டியலில் ஒன்று விசித்திரமானது. அவன் இனிப் பொய் சொல்லலாம். பிள்ளைப் பருவம் முதல் பொய் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் அவன். விதியைப் படித்ததும் அவனுக்கு வேறொரு ஐயம் எழுகிறது. பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டாம் வயதில் இதே விதி தரப்பட்டிருந்தால்? அவர்களிடம் நேராகக் கேட்டாலும், வரும் விடை உண்மைதானா என்று தெரிந்துகொள்ள வழியில்லையே! நாவலின் மிகக் கூர்மையான ஐயம் இது.

முதியவர் அவன் முதுகில் கைகளை வைத்துத் தரும் முதல் நினைவு பனி. வானிலை கட்டுப்படுத்தப்பட்ட பிறகு அவ்வூரில் பனி பெய்ததில்லை. குளிர்ந்த காற்று, மென்மையாக வந்து முகத்தில் விழும் வெண்துகள்கள், ஒரு சரிவு, கீழ்நோக்கி விரையும் சறுக்குவண்டி. இவற்றில் எதற்கும் ஜோனஸிடம் சொல் இல்லை. பனிப்பொழிவைக் கண்ணால் கண்டிராத மலேசிய மாணவர், மற்ற நாட்டு மாணவர்களைக் காட்டிலும் இந்த இடத்தில் ஜோனஸுக்கு நெருக்கமாக நிற்கிறார் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தச் சறுக்குவண்டியில் ஏதோ ஒரு தனித்தன்மை இருப்பதை ஜோனஸ் கவனிக்கிறான். இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. ஆஷருடன் ஆப்பிளை வீசிப் பிடித்து விளையாடியபோது, காற்றில் பறந்த ஆப்பிள் ஒரு கணம் மாறித் தெரிந்தது. உருவமும் அளவும் அப்படியே இருந்தன, ஆனாலும் மாறிற்று. தோழி ஃபியோனாவின் தலைமுடியும் ஒருமுறை அவ்வாறு மாறிற்று. அது சிவப்பு நிறம் என்று முதியவர் விளக்கும்போதுதான், அந்த ஊரில் எவருக்கும் நிறமே தெரியாது என்பது வாசகருக்குப் புலப்படுகிறது. கதை பாதியை நெருங்கிவிட்டது. அதுவரை ஆசிரியர் நிறங்களைப் பற்றிப் பேசாமலேயே எழுதியிருக்கிறார். கண்கள் வெளிர்ந்தவை, கருமையானவை என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வாசகர் தம் மனத்தில் தாமாகவே நிறம் பூசிக்கொண்டு படித்திருக்கிறார். பலர் இங்கே நூலை மூடிவைத்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புவது இயல்பு. நிறம் இல்லாமற்போனதைக் கவனிக்கத் தவறியது ஊர் மட்டுமன்று என்பதை அந்த வாசகர் உணர்ந்துகொள்கிறார்.

நிறத்தை ஏன் கைவிட்டார்கள்? வேறுபாடுகளைக் கைவிட்டபோது நிறமும் போயிற்று என்கிறார் முதியவர். இங்கே ஜோனஸ் கோபப்படுகிறான். காலையில் நீலச் சட்டையா சிவப்புச் சட்டையா என்று தேர்ந்தெடுக்கக்கூட முடியாதா? சற்று யோசித்த பிறகு அவனே தன் வாதத்தை மறுக்கிறான். சட்டை பரவாயில்லை. வாழ்க்கைத்துணையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால்? தொழிலைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால்? மக்களைத் தவறான முடிவுகளிலிருந்து காப்பாற்றத்தானே வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறான். ஊரின் பக்கத்து நியாயத்தை ஆசிரியர் இவ்வளவு வலுவாகச் சொல்ல அனுமதிப்பது பாராட்டத்தக்கது. இத்துறையில் பின்னால் வந்த நாவல்கள் பலவற்றில் எதிர்த்தரப்புக்குப் பேச வாயே இருப்பதில்லை.

இனிமையான நினைவுகளைத் தொடர்ந்து வலியும் வருகிறது. முதலில் வெயிலில் தோல் கன்றிப்போன எரிச்சல். அடுத்து முறிந்த கால். பிறகு பசி, போர்க்களம். வலியைத் தணிக்கும் மாத்திரை ஊரில் உண்டு. ஆனால் ஜோனஸுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் ஏன் ஒருவர் சுமக்க வேண்டும் என்று கேட்கிறான். முதியவரின் விடை எளிமையானது. குழந்தைப் பிறப்பு எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று மூத்தோர் குழு ஒருமுறை அவரிடம் ஆலோசனை கேட்டது. கூடுதல் உழைப்பாளர்கள் கிடைப்பார்கள் என்பது அவர்களின் கணக்கு. அவருக்கோ பல தலைமுறைகளுக்கு முந்திய பசியின் நினைவு இருந்தது. வேண்டாம் என்றார். காரணத்தை அவர்கள் அறிய விரும்பவில்லை. அறிந்தால் வலிக்கும்.

ஜோனஸின் தந்தை குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார். எடை கூடாத கேப்ரியல் என்ற குழந்தையை இரக்கப்பட்டு வீட்டுக்கே கொண்டுவந்து வளர்ப்பவர் அவர். வீட்டில் எல்லாரையும்விடக் கலகலப்பானவர். அவர் ஒருநாள், ஒரே மாதிரியான இரட்டையரில் எடை குறைந்த குழந்தையை விடுவிக்க வேண்டியிருக்கிறது என்கிறார். வேறிடத்திலிருந்து யாராவது வந்து அதைக் கூட்டிச்செல்வார்களா என்று ஜோனஸ் கேட்கிறான். ஆமாம் என்கிறார் தந்தை. பிறகு, முதியவரின் அறையில் அந்த விடுவிப்பின் பதிவைப் பார்க்கிறான் ஜோனஸ். தந்தை குழந்தையை எடை போடுகிறார். ஊசியைக் குழந்தையின் நெற்றி நரம்பில் குத்துகிறார். கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டே இருக்கிறார். குழந்தையின் கைகால்கள் அசைவதை நிறுத்துகின்றன. உடலைப் பெட்டியில் வைத்துச் சுவரிலுள்ள குழாய் வழியாக அனுப்பிவிட்டுக் கையசைத்து விடைகொடுக்கிறார்.

கதையின் எல்லா இழைகளும் இந்த ஒரு காட்சியில் சந்திக்கின்றன. விமானி, முதியோர், பொய் சொல்ல அனுமதிக்கும் விதி ஆகிய அனைத்தும் ஒரே நொடியில் பொருள் மாறுகின்றன. ஆனால் வாசகரை உலுக்குவது கொலை மட்டுமன்று. அந்தத் தந்தை இன்னும் நல்லவராகவே இருக்கிறார் என்பதுதான் தாங்க முடியாதது. அவருக்கு உணர்வு இருந்து அதை அடக்கிக்கொள்ளவில்லை. மரணம் என்பதன் நினைவே அவரிடம் இல்லை.

இக்கதைக்கான விதைகளை நியூபெரி பதக்கம் பெற்றபோது ஆற்றிய உரையில் லௌரியே விளக்கினார். அவருடைய முதிய தந்தையின் நினைவாற்றல் மங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் லௌரியின் அக்காள் ஹெலனின் படத்தைப் பார்த்தபோது, அவளுக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ஹெலன் இளவயதிலேயே புற்றுநோயால் இறந்துபோனவர். மகளின் சாவையே தந்தை மறந்திருந்தார். துன்பம் மறந்துபோவது மனத்துக்கு இதம்தான். ஆனால் அப்படி மறப்பது பாதுகாப்பானதா என்ற கேள்வி அப்போது எழுந்தது என்கிறார் லௌரி.

இன்னொரு விதை அதைவிடப் பழையது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பதினொரு வயதுச் சிறுமியான லௌரி குடும்பத்துடன் தோக்கியோவில் குடியேறினார். தந்தை அமெரிக்க இராணுவத்தில் பல்மருத்துவர். அமெரிக்கர்களுக்கென வேலி கட்டிய குடியிருப்பு. உள்ளே அமெரிக்க வீடுகள், அமெரிக்கப் பள்ளி, திரையரங்கு. சிறுமியோ மிதிவண்டியில் ஏறி வாயிலைத் தாண்டி, ஷிபுயா வட்டாரத்தின் நெரிசலுக்குள் போய்விடுவார். ஏன் வேலிக்குள்ளேயே வாழ்ந்தோம் என்று பல ஆண்டுகள் கழித்துத் தாயிடம் கேட்டபோது, அதுதான் வசதி, பழக்கமானது, பாதுகாப்பு என்ற பொருளில் விடை வந்தது. ஜோனஸின் மிதிவண்டி எங்கிருந்து புறப்பட்டது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நாவலின் அட்டையில் இருக்கும் முதியவரின் முகமும் உண்மையானது. மேய்ன் மாநிலக் கடலோரத் தீவொன்றில் தனித்து வாழ்ந்த ஓவியர் கார்ல் நெல்சனை லௌரி 1979இல் புகைப்படம் எடுத்தார். நிறங்களைப் பற்றி அவர் பேசியது லௌரியின் மனத்தில் நின்றது. பின்னாளில் அவ்வோவியர் பார்வையை இழந்துவிட்டார்.

எல்லாரும் இந்நூலை வரவேற்றுவிடவில்லை. 1990களில் அமெரிக்கப் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் அகற்ற வேண்டும் என்று அதிகம் முறையிடப்பட்ட நூல்களில் இதுவும் ஒன்று. குழந்தை கொல்லப்படும் காட்சி இளம் மனங்களுக்கு ஏற்றதன்று என்று பெற்றோர் சிலர் கருதினர். அக்கவலையை அலட்சியப்படுத்த முடியாது. அந்தக் காட்சி கடுமையானதுதான். என்றாலும், பிள்ளைகள் வருந்தக்கூடாது என்பதற்காக ஒன்றை அவர்கள் கண்ணிலிருந்து மறைப்பது, ஜோனஸின் ஊரார் செய்ததற்கு மிக அருகில் போய்விடுகிறது.

கதையின் இறுதிப் பகுதி வேகமானது. கேப்ரியலும் மறுநாள் விடுவிக்கப்படவிருக்கிறான் என்பதை அறிந்த ஜோனஸ், இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கி மிதிவண்டியில் வைத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறுகிறான். பெறுபவர் போய்விட்டால் அவரிடமிருந்த நினைவுகள் ஊராரிடமே திரும்பிவிடும். பத்து ஆண்டுகளுக்கு முன், அவனுக்கு முன்பு தெரிந்தெடுக்கப்பட்ட ரோஸ்மேரி என்ற பெண் தானே விடுவிப்பைக் கேட்டுப் பெற்றபோது அப்படித்தான் நடந்தது. அந்தச் சுமையைத் தாங்க ஊராருக்கு உதவுவதற்காக முதியவர் உடன் செல்ல மறுத்து அங்கேயே தங்கிவிடுகிறார். பின்தொடரும் விமானங்கள் உடற்சூட்டைக் கொண்டு தேடுகின்றன. பனியின் நினைவை எழுப்பித் தன் உடலையும் குழந்தையின் உடலையும் குளிரச் செய்து தப்புகிறான் ஜோனஸ். பிறகு உண்மையான பனி பெய்யத் தொடங்குகிறது. பசியும் குளிரும் வாட்டுகின்றன. ஒரு சரிவின் உச்சியில் சறுக்குவண்டி ஒன்று காத்திருக்கிறது. கீழே விளக்குகள் தெரிகின்றன. இசை கேட்பதுபோல் இருக்கிறது. அத்துடன் நாவல் முடிகிறது.

அவர்கள் பிழைத்தார்களா, உறைந்து இறந்தார்களா என்று ஆசிரியர் சொல்லவில்லை. உலகெங்கிலுமிருந்து இளையர்கள் தங்கள் ஊகங்களைக் கடிதங்களாக அவருக்கு எழுதி அனுப்பினார்கள். 2014இல் இதைத் திரைப்படமாக எடுத்தவர்கள், கறுப்பு வெள்ளையில் தொடங்கிச் சிறிது சிறிதாக நிறத்தைக் கூட்டினார்கள். ஜோனஸின் வயதையும் கூட்டிவிட்டார்கள். லௌரி 2004இல் எழுதிய ‘மெசஞ்சர்’ நாவலில் ஜோனஸைப் பற்றிய விடை குறிப்பாகவும், 2012இல் எழுதிய ‘சன்’ நாவலில் வெளிப்படையாகவும் கிடைக்கிறது. 1993இல் முதல் நூலை முடித்த வாசகரோ பதினொரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரையில் அந்தச் சறுக்குவண்டி பனிச்சரிவில் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.